கருப்பாயியின் காலிக் குமிழிகள்

1

மனித குலம் இதுவரை செய்த பிழைகளில் மிகப் பெரியது, ஒரு நல்ல சித்திர நாவலைத் திரைப்படமாக்குவது. போர்கள் இரண்டாம் இடத்தில் வரும்.

இது நகைச்சுவை அல்ல. இதைச் சொன்னவன் யுகேந்திரன். ஜோகூர் பாருவில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சொன்னபோது அவன் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

உள்ளதைச் சொன்னால், மேலே உள்ள வாக்கியம் இந்தக் கதைக்காக எழுதப்பட்டதே அல்ல. கல்லூரித் தமிழ்க் கழக இதழுக்கு அவன் எழுதத் தொடங்கிய கண்டனக் கட்டுரையின் முதல் வரி அது. கட்டுரை இரண்டாம் பத்தியைத் தாண்டவில்லை. நடுவில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். கட்டுரைக்குள் ஆள் வந்து உட்கார்ந்தால் அதைக் கதை என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இதை எழுதுகிறவனும் யுகேந்திரன்தான். முதலில் 'நான்' என்று எழுதிப் பார்த்தான். ஒவ்வொரு பத்தியிலும் நியாயம் அவன் பக்கமே சாய்ந்தது. 'அவன்' என்று மாற்றியதும் தராசு கொஞ்சம் நேரானது. ஆகவே 'அவன்'.

2

அந்தச் சித்திர நாவலை அறிமுகப்படுத்த வேண்டும். தொடக்கங்கள் கீழே.

'சிகாமட் பக்கத்தில் ஒரு தோட்டம். மழை விடாமல்—'

(வேண்டாம். நம் ஊர்க் கதைகளில் பாதி இப்படித்தான் நனைந்துகொண்டே தொடங்குகின்றன.)

'கருப்பாயி வெறும் கதாபாத்திரம் அல்ல, அவள் ஒரு—'

(அவள் ஒரு என்ன? இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் மேடையில் பேசப் போய்விட்டார்கள்.)

சரி, நேராகவே சொல்லலாம். நாவலின் பெயர் 'கரையேறாத கருப்பாயி'. வரைந்து எழுதியவர் வாலண்டைன். கறுப்பு வெள்ளைப் படங்கள். தோட்டத்துக்குள் ஆற்று வெள்ளம் புகுந்துவிடுகிறது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் கருப்பாயி எங்கிருந்தோ ஒரு படகைப் பிடித்து, லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கெல்லாம் போய், கூரைமேல் நிற்பவர்களை ஏற்றி, மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

ஆனால் கருப்பாயி வாய் ஓயாதவள். கட்டத்துக்குக் கட்டம் அவள் தலைக்குமேல் பேச்சுக்குமிழிகள் பிதுங்கிக்கொண்டு நிற்கும். துடுப்பு போடும் நேரத்தைவிடத் திட்டும் நேரம் அதிகம். 'டிவியையும் ஏத்து' என்று அடம்பிடிக்கும் தோட்ட அலுவலகக் கிராணியிடம், 'ஏத்துறேன், நீ எறங்கிக்க' என்பாள். இதையெல்லாம் ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

கடைசி அத்தியாயத்தில் அவள் பேச்சு நின்றுவிடுகிறது. மற்றவர்கள் பேசுகிறார்கள். அவளுக்கும் வாய் திறந்திருக்கிறது, குமிழியும் வருகிறது. குமிழிக்குள் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு, படகில் தனியாக நின்று, நம் பக்கம் திரும்புகிறாள். பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய காலிக் குமிழி. அதோடு புத்தகம் முடிகிறது.

யுகேந்திரன் அதைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்தபோது வாசித்தான். மூடி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன் ஒன்றும் பேசவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவன் பேசாமல் சாப்பிட்டது அந்த வீட்டு வரலாற்றில் அது ஒரு தடவைதான்.

3

ரசிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலிக் குமிழிகளுக்குள் பென்சிலால் எழுதுவார்கள். கருப்பாயி என்ன சொல்லியிருப்பாள் என்று அவரவருக்குத் தோன்றியதை. யாரும் சொல்லிக்கொடுத்து வந்த வழக்கம் இல்லை. புத்தகத்தை இரவல் வாங்கினால், கொடுத்தவரின் கருப்பாயி ஒன்று பேசியிருப்பாள். அழித்துவிட்டு உங்கள் கருப்பாயியைப் பேச வைக்கலாம். அழிக்காமல் பக்கத்தில் எழுதுவது மரியாதை.

யுகேந்திரன் இவர்களுக்கு 'நிரப்பிகள்' என்று பெயர் வைத்தான். கழக இதழில் இவர்களைப் பற்றி ஒரு பத்தியே எழுதினான். 'கோயில் சுவரில் காதலி பெயரைக் கிறுக்குகிறவனுக்கும் இவர்களுக்கும் ஒரே வித்தியாசம், அவனிடம் ஆணி இருக்கிறது' என்பது அதில் பாராட்டுப் பெற்ற வரி. (பாராட்டியவன் பிரையன். அவனும் நிரப்பிதான். அந்தப் பத்தி தன்னைப் பற்றியது என்று அவனுக்கு அன்று உறைக்கவில்லை.)

படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று மூன்று பேரும் கல்லூரிக்கு எதிரே உள்ள மாமாக் உணவுக்கடையில் இருந்தார்கள். யுகேந்திரன், பிரையன், ஜாக்லின். ஜாக்லின் வாசகர் வட்டத்தைத் தொடங்கியவள். வட்டத்துக்குப் பேச்சாளனாக யுகேந்திரனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்ததால் அப்படி ஆகிவிட்டது.

"அலாமாக்! கருப்பாயிக்கு ஒரு லவ் வச்சிருவாங்கடா," என்றான் பிரையன். "தண்ணியில குதிச்சு ஒரு போம்பாக்காரன் வருவான். தீயணைப்பு யூனிபார்ம்ல ஒரு பாட்டு."

"வெள்ளத்துல எதுக்குடா தீயணைப்பு?"

"லவ்வுனா லாஜிக் கேக்கக்கூடாது லா."

"வெள்ளையா ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்து மூஞ்சில கரி பூசுவாங்க. அதுதான் எனக்கு பயம்," என்றாள் ஜாக்லின். "ஆனா ஒண்ணு. எங்கப்பா புக்கு தொட மாட்டாரு. படம்னா வருவாரு. அவரும் சிகாமட் தோட்டத்துல வெள்ளத்தப் பாத்தவருதான். ஒரு தடவ அவரு பக்கத்துல ஒக்காந்து கருப்பாயியப் பாக்கணும் எனக்கு."

"பாரு. ஆனா அது கருப்பாயியா இருக்காது," என்றான் யுகேந்திரன். "சினிமாவுல வாயத் தொறந்தா சத்தம் வரணும். காலிக் குமிழிய எப்படி எடுப்பாங்க? எவனாவது வசனம் எழுதுவான். எழுதுறவன் யாரா இருந்தாலும் அவன் கொலைகாரன்."

"அப்போ நான் கொலைகாரியா?" ஜாக்லின் தன் புத்தகத்தை விரித்து அவன் முன்னால் வைத்தாள். கடைசிக் குமிழியில் சின்ன எழுத்தில் இருந்தது: 'என்னைய யாரு ஏத்துவா?'

"நான் 'பசிக்குது'ன்னு எழுதிருக்கேன்," என்றான் பிரையன். "நாள்பூரா துடுப்பு போட்டா பசிக்கும்ல?"

யுகேந்திரன் இருவரையும் இரக்கத்துடன் பார்த்தான். அவனுடைய பிரதி பிளாஸ்டிக் உறையில் இருந்தது. பென்சில் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை.

4

படக்குழு ரசிகர்களைச் சந்திக்க விரும்பியது. ஞாயிறு பூசை முடிந்த பிறகு, செனாயில் ஒரு தேவாலய மண்டபம். இயக்குநர் லோஷினி வந்திருந்தார். முப்பது வயதிருக்கும், ஸ்போர்ட்ஸ் ஷூ. அவரோடு வாலண்டைனும் வருகிறார் என்றதும் மண்டபம் நிறைந்துவிட்டது. அவர் எந்த விழாவுக்கும் வந்ததில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை என்பது மட்டும்தான் தெரியும்.

இங்கே வாலண்டைனை வருணிக்க வேண்டும்.

'ஆழ்ந்த கண்கள். அவற்றில் ஒரு மகத்தான மௌனம்—'

(பொய். கண்ணாடி போட்டிருந்தார். அதில் மின்விசிறி தெரிந்தது.)

அவர் ரசிகர்களுக்கான நாற்காலி வரிசையில், ஓரத்தில், தொழிற்சாலை ஜாக்கெட்டுடன் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பிரையன் அவரிடம், "அங்கிள், ரைட்டர் வந்துட்டாரா?" என்று கேட்டான். "வந்துட்டாருன்னு நெனைக்கிறேன்," என்றார் அவர்.

லோஷினி சுருக்கமாகப் பேசினார். "கடைசி அத்தியாயத்த ரெண்டு விதமா எடுக்கலாம். அவங்க பேசலாம், பேசாமலும் இருக்கலாம். எதுன்னு வாலண்டைன் சார்தான் சொல்லணும்னு நான் சொன்னேன். அவரு, படிச்சவங்களக் கேட்டுட்டுதான் சொல்வேன்னாரு. அதான் வந்திருக்கோம்."

மைக் யுகேந்திரனிடம் வந்தது. (வந்தது என்பது பணிவு. எடுத்துக்கொண்டான்.)

"மேடம், காலிக் குமிழி ஒரு தொழில்நுட்பம் கிடையாது. நம்ம மக்களோட பேச்சு எங்க முடியுதோ அங்க அது தொடங்குது. அது நம்ம தமிழ் கண்ட மிகப் பெரிய மௌனம். அத உடைக்கிற உரிமை யாருக்கும் கிடையாது."

நல்ல கைதட்டல். ஓரத்து நாற்காலியில் இருந்தவர் மெதுவாக எழுந்தார்.

"அது மௌனம் இல்ல தம்பி," என்றார் வாலண்டைன். "அது ஃபான்ட்டு."

யாருக்கும் புரியவில்லை. அவர் அவசரமில்லாமல் விளக்கினார். கருப்பாயி பேசுவதற்கு மட்டும் அவர் தனி எழுத்துரு ஒன்று வைத்திருந்தார். கொஞ்சம் கோணலாக, முரட்டுத்தனமாக இருக்கும். கடைசி அத்தியாயம் தாமதமாகிவிட்டதால் அதை மட்டும் தனியாக அச்சகத்துக்கு அனுப்பினார். முந்தைய கோப்புகளோடு போன எழுத்துருவை இந்தத் தடவை சேர்த்து அனுப்ப மறந்துவிட்டார். அச்சகத்தில் அதற்குள் வேறு கணினி. எழுத்து வரவில்லை. அங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. காலியாக இருந்த குமிழிகளைப் பார்த்து, இந்தக் கதை இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"நீங்க புரூஃப் பாக்கலையா அங்கிள்?" என்று கேட்டாள் ஜாக்லின்.

"பாத்தேன்மா. போன்ல அனுப்புனாங்க. ஷிப்ட் முடிஞ்சு ஃபேக்டரி பஸ்ல வர்றேன், அரைத்தூக்கம். குட்டிக் குட்டியா தெரியுது. பேச்சு பலூன் எல்லாம் அதது எடத்துல இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. ஓகேன்னு கட்டைவிரலத் தட்டி விட்டேன்."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். யுகேந்திரன் சிரிக்கவில்லை.

"புக்கு வந்ததும் பாத்துட்டு ஒக்காந்துட்டேன். எல்லாம் அடிச்சாச்சு. திருத்திச் சொல்றதுக்குள்ள ஒருத்தரு எழுதிட்டாரு, என்ன ஒரு மௌனம்னு. அப்புறம் இன்னொருத்தரு. அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது, ஐயா அது மௌனம் இல்ல, மறதின்னு?"

இப்போது சிரிப்பு குறைவாக வந்தது.

"எழுத்து இருந்துச்சு. எல்லா பலூன்லயும். எங்கக்கா அமலோற்பவம் பேசுற மாதிரியே எழுதுனேன். அக்கா இப்ப இல்ல. எல்லாரும் என் புக்கு நல்லாருக்குன்னு சொல்றீங்க. சந்தோஷம். ஆனா நான் எழுதுன புக்க இன்னும் யாரும் படிக்கல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படம்னு சொன்னதும், சரி, இப்பவாச்சும் அவ பேசட்டும்னு நெனச்சேன். சொல்லட்டுமா? கடைசிப் பக்கத்துல அவ என்ன சொல்றான்னு?"

கேள்வி மண்டபத்துக்குப் பொதுவாகத்தான் வந்தது. ஆனால் மைக் இன்னும் யுகேந்திரன் கையில் இருந்தது.

"வேண்டாம் சார்," என்றான்.*

* வாசகரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எழுதியவர், தான் எழுதியதைச் சொல்ல அனுமதி கேட்கிறார். படித்தவன் மறுக்கிறான். இலக்கிய வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் உண்டா என்று யுகேந்திரன் பிறகு தேடினான். தேடியதற்குக் காரணம், இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பதுதான்.

"சரிங்க தம்பி," என்றார் வாலண்டைன். கோபமே இல்லை. "அப்போ நீங்கள்லாம் என்ன எழுதி வச்சிருக்கீங்க? பென்சில்ல எழுதுறீங்கன்னு லோஷினி சொன்னாங்க. காட்டுங்களேன்."

முதலில் விடைத்தாளை ஆசிரியரிடம் நீட்டுவதுபோல் பிரையன் தன் பிரதியை நீட்டினான். வாலண்டைன் படித்தார். "பசிக்குது. இது எங்கக்கா சொல்லக்கூடியதுதான்," என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொன்றையும் படித்தார். ஜாக்லினுடையதை வெகுநேரம் பார்த்தார். இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியாக யுகேந்திரனுக்கு முன்னால் வந்து நின்றார். உறைக்குள் இருந்த சுத்தமான பிரதியைப் பார்த்தார்.

"எழுதலையா?"

"இல்ல சார். அப்படியே வச்சிருக்கேன்."

அதைச் சொன்னபோது அவன் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றான். வாலண்டைன் அவனை ஏளனமாகப் பார்க்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல் கேட்டார்:

"ஒண்ணுமே கேக்கலையா தம்பி உங்களுக்கு?"

5

மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் ஜாக்லின் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"மைக்கு கெடச்சா போதும்டா உனக்கு. அந்த மனுஷன் ஒரே ஒரு வரி சொல்ல வந்தாரு."

"சொன்னா அதோட முடிஞ்சிரும் ஜாக்லின். அப்புறம் அது வெறும் ஒரு வரி."

"முடியட்டுமே. அவரோட வரிதான?"

"எனக்கு அந்த வெள்ளைதான் கருப்பாயி."

"அது உனக்கு. அவருக்கு அது அவங்க அக்காவோட வாய மூடுன மாதிரி. நீ இன்னிக்கு மறுபடியும் மூடிட்ட." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "கோயில் சுவரு, ஆணின்னு எழுதுனல்ல? நீ என்னா பண்ண தெரியுமா? சாமிய உள்ள விடாம வாசல்ல நிக்கிற."

(இந்த வரி அவ்வளவு நன்றாக இருப்பதால், உண்மையில் அவள்தான் சொன்னாளா என்ற சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். அவள்தான் சொன்னாள். யுகேந்திரனால் இவ்வளவு தூரம் வர முடியாது.)

கட்டுரையைக் கைவிட்டுக் கதையைத் தொடங்கியது அந்த வாரம்தான். ஒரு பிரச்சினை உடனே வந்தது. நான்காம் பகுதியில் வாலண்டைன் பேசுவதை நீங்கள் படித்தீர்கள். மண்டபத்தில் யாரும் பதிவு செய்யவில்லை. 'அது ஃபான்ட்டு' என்று அவர் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 'மௌனம் இல்ல, மறதி' என்றதும் சொன்னதுதான். ஆனால் 'இப்பவாச்சும் அவ பேசட்டும்' என்றாரா, அல்லது அது அவர் கண்ணாடியைத் துடைத்த விதத்தில் இருந்ததா? பிரையனைக் கேட்டால், "சொன்ன மாதிரிதான் இருந்துச்சு" என்கிறான். அந்த இடத்தில் யுகேந்திரனிடம் இருந்தது திறந்த ஒரு வாய், மேலே ஒரு குமிழி. உள்ளே எழுத்து இல்லை. காலியாக விட்டால் வாலண்டைன் கதைக்குள் வரவில்லை. அவரைப் பற்றிய அபிப்பிராயம்தான் வந்தது. எழுதியதும் அவர் வந்து உட்கார்ந்தார்.

அப்படியென்றால் படிக்கிறவன் எவனும் சும்மா படிப்பதில்லை. அந்த வெள்ளையைப் பார்த்து ஐந்தாம் படிவத்துப் பையன் ஒருவன் சோற்றின் முன்னால் வாயடைத்துப் போனான் என்றால், அவனுக்கு ஏதோ கேட்டிருக்கத்தான் வேண்டும். வெறும் காகிதத்தைப் பார்த்து யாருக்கும் தொண்டை அடைக்காது.

இதைக் கட்டுரையாக எழுதியிருந்தால் இங்கே 'ஆகவே' என்று தொடங்கும் ஒரு—

6

முடிவுகள். எழுதிப் பார்த்தவை கீழே.

முதலாவது: படம் வருகிறது. கருப்பாயி கடைசியில் பேசவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. பின்வரிசையில் வாலண்டைன் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். (கைதட்டுகிறவர்களில் யுகேந்திரன் இருப்பதால் நீக்கப்பட்டது.)

இரண்டாவது: படத்தில் கருப்பாயி பேசுகிறாள். அந்த வரியைக் கேட்டு யுகேந்திரன் தேம்பித் தேம்பி அழுகிறான். (நல்ல முடிவு. ஆனால் அந்த வரியை யார் எழுதுவது?)

மூன்றாவது: ஃபான்ட்டு பிரச்சினையே நடக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே குமிழிகள் காலிதான். ரசிகர்களைப் பேசவைக்க வாலண்டைன் சொன்ன பொய் அது. (ஜாக்லின் இதைப் படித்துவிட்டு, "ஒனக்கு வெக்கமே இல்லையாடா?" என்று கேட்டாள். நீக்கப்பட்டது.)

இதை எழுதும்வரை படப்பிடிப்பு தொடங்கவில்லை. வாலண்டைன் லோஷினிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று கேள்வி. படம் வந்த பிறகு நீங்கள் இதைப் படித்தால், கருப்பாயி பேசினாளா இல்லையா என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ('என்னைவிட' என்பதை 'அவனைவிட' என்று திருத்த வேண்டும். இருக்கட்டும்.) அந்த முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இருப்பது ஒரு சனிக்கிழமைக் காலை மட்டும்.

பாசிர் கூடாங்கில் ஃபேக்டரி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் சாலையோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. இரவு ஷிப்ட் முடித்து வந்த வாலண்டைன் இழுத்து ஆற்றிய தே தாரிக்கும் ரொட்டி சானாயுமாக உட்கார்ந்திருந்தார். எதிரே போய் நின்றவனைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்னா தம்பி, மைக்கு இல்லாம வந்திருக்கீங்க?"

யுகேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவர் அவனுக்கும் ஒரு தே சொன்னார்.

"சார். அன்னிக்கு நீங்க சொல்ல வந்தீங்க. நான் வேணாம்னேன்."

"ஆமா."

"இப்ப கேக்கணும்."

வாலண்டைன் ரொட்டியைப் பிய்த்து சாம்பாரில் தோய்த்தார். மென்று விழுங்கினார்.

"சொல்றேன். எனக்கு சொல்லணும்னுதான் இருக்கு. ஆனா நான் சொல்லிட்டா, அப்புறம் ஒங்களுக்கு என்ன கேட்டுச்சுன்னு ஒங்களுக்கே தெரியாமப் போயிரும். அது பாவம். மொதல்ல நீங்க. அப்புறம் நான். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார்."

"அப்படின்னா இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?"

யுகேந்திரன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தான். பிளாஸ்டிக் உறையின் ஒட்டுத்தாள் வெகுநாள் இறுகி இருந்தது, நகத்தால் கீற வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்தான். கருப்பாயி படகில் நின்று அவன் பக்கம் திரும்பியிருந்தாள். வாலண்டைன் கடைக்காரரைக் கூப்பிட்டு, ஆர்டர் எழுதுகிற பென்சிலைக் கொஞ்சம் தரச்சொன்னார். வாங்கி, மேசைமேல் உருட்டிவிட்டார்.

பிறகு, பக்கத்து மேசைப் பிள்ளை பரீட்சை எழுதும்போது பார்க்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட எல்லோரையும்போல, நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ்களைப் பார்த்தார்.

யுகேந்திரன் எழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான்.